சுவரில் எழுதிய மூன்று சொற்கள்

மாடி வீட்டுப் பெண் போன வாரம் ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். எட்டாவது படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் ஏதோ அணைக்கட்டுக்குக் கூட்டிப்போகிறார்களாம், வீட்டில் சம்மதம் எழுதித் தர வேண்டுமாம். அம்மா ஆபீஸிலிருந்து வரும்முன் கேள்விகளை நிரப்பி வைத்துவிட்டால் கையெழுத்து மட்டும்தான் பாக்கி என்று கணக்குப் போட்டு என்னிடம் வந்திருக்கிறாள். ஜெராக்ஸ் கடையிலிருந்து நேரே வந்த தாள், தொட்டால் இளஞ்சூடாக இருந்தது. பெயர், ரத்தப் பிரிவு, ஒத்துக்கொள்ளாத மருந்து என்று ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தேன். ஒன்பதாவது கேள்வி: உங்கள் பிள்ளைக்கு நீச்சல் தெரியுமா? ஆம் / இல்லை.

அதற்குமேல் எனக்குப் படிக்க ஓடவில்லை. "இரும்மா, பேனா எடுத்துட்டு வாறேன்" என்று உள்ளே போய்விட்டேன். அவள் கையிலேயே பேனா இருந்தது. பாவம், கிழவிக்குக் கண் தெரியவில்லை என்று நினைத்திருப்பாள்.

அலமாரி இழுப்பறையில் பேனாவைத் தேடுகிற பாவனையில் கையை விட்டால் விசில் கிடைத்தது. பித்தளை விசில். களிம்பேறிப் பச்சையாகிவிட்டது, கயிறு இற்றுப்போய்விட்டது. மூக்கருகே கொண்டுபோனால் அதில் கருவாட்டு வாசனை அடிக்கிறது என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். அத்தனை வருஷத்துக் கருவாடு எங்கே மணக்கப்போகிறது, எல்லாம் மூளையின் வேலைதான். ஆனால் எங்கள் மன்றம் நடந்த இடம் அப்படிப்பட்ட இடம்.

திருவொற்றியூரில் ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு பழைய உப்புக் கிடங்கு இருந்தது. அதில்தான் சனிக்கிழமை சாயங்காலங்களில் எங்கள் பெண் பிள்ளைகள் மன்றம் கூடும். ஒரு பக்கக் காற்றில் கருவாடு, மறுபக்கக் காற்றில் தீப்பெட்டித் தொழிற்சாலையின் மருந்து. இரண்டும் கலந்து அடிக்கிற நாளில் புதிதாக வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். சுவர்களில் உப்பு ஊறிப்போயிருந்ததால் மழைக்காலத்தில் அவை வியர்க்கும். பிள்ளைகள் சுவரை நக்கிப் பார்த்துவிட்டு உப்புக் கரிக்கிறது என்று சண்டை போடுவார்கள், ஏதோ அதுவரை யாருக்கும் தெரியாத விஷயம் மாதிரி.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. எனக்கு இருபத்தொரு வயது. ராயபுரத்தில் அப்பாவுக்கு மளிகைக் கடை. நாங்கள் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். தேரிக்காட்டுச் செம்மண்ணில் பிறந்தவளுக்குத் தண்ணீர் என்றால் கிணற்றடியும் வாளியும்தான். ஆசிரியப் பயிற்சி முடித்து ஒரு பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். நாட்டை முன்னேற்ற என்னை விட்டால் ஆளில்லை என்ற எண்ணம் வேறு. அந்தக் காலத்தில் எங்கள் வயதுக்காரர்கள் பலருக்கும் அந்தக் காய்ச்சல் இருந்தது. எனக்குக் கொஞ்சம் கூடுதல்.

மன்றத்தின் செயலாளர் ஓய்வு பெற்ற ரயில்வே கார்டு. தன் பழைய விசிலை என் கழுத்தில் மாட்டி, "இனிமே வண்டி உங்க பொறுப்பும்மா" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் விசிலை முந்தானைக்குள் மறைத்துவைத்து மூன்று முறை ஊதிப் பார்த்தேன். ஒரு ரிக்‌ஷாக்காரர் போலீஸ் என்று நினைத்து வண்டியை ஓரம் கட்டினார்.

முதல் வேலையாக நான் செய்தது சுவரில் எழுதியது. நீல மையைக் குழைத்து, தென்னை மட்டையை நசுக்கித் தூரிகையாக்கி, முழங்கை அளவு எழுத்துகளில் எழுதினேன்: "தெரியாது, முடியாது, மாட்டேன். இந்த மூன்று சொற்களுக்கும் இங்கே இடமில்லை." எழுதிவிட்டுப் பத்தடி தள்ளி நின்று ரசித்ததை நினைத்தால் இப்போதும் என் காது சூடாகிறது. அந்தச் சொற்களில் எதையாவது யார் சொன்னாலும் பத்துத் தோப்புக்கரணம். தண்டனை இல்லை, விளையாட்டு என்றுதான் சொல்லியிருந்தேன். தோப்புக்கரணம் போடுகிறவளைத் தவிர மற்ற எல்லோருக்கும் அது விளையாட்டுதான்.

பதினான்கு பெண்கள் வந்தார்கள். பாதிப் பேர் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள், பாதிப் பேர் குப்பத்துப் பிள்ளைகள். குப்பத்திலிருந்து வந்தவர்களில் ஒருத்தி தேசம்மா. பதிமூன்று வயது. நெடுநெடுவென்று உயரம். அப்பா கட்டுமரத்தில் போகிறவர், அம்மா கூடையில் மீன் விற்கிறவள். வந்த முதல் வாரமே அவளை எழுப்பிக் கதைப் புத்தகத்தை நீட்டினேன். "தெர்யாதுக்கா" என்றாள். அவ்வளவுதான், எல்லோரும் சேர்ந்து ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். பத்துத் தோப்புக்கரணத்தையும் போட்டுவிட்டுப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். அதற்கப்புறம் அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்கவில்லை. என் முறை வேலை செய்கிறது என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அந்தப் பெண்ணை எப்படியாவது முன்வரிசைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது என் லட்சியமாகிவிட்டது. படிப்பில் செல்வி என்றொருத்தி கெட்டிக்காரி, பாட்டில் இன்னொருத்தி. தேசம்மாவுக்கு என்ன வரும்? யோசித்து யோசித்து ஒரு நாள் பளிச்சென்று தோன்றியது. கடல்! கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க வேண்டுமா என்று நம் ஊரில் சொல்வார்களே. அந்தப் பழமொழியை நம்பி ஒரு உயிரோடு விளையாடினேன் என்பதுதான் நான் உங்களிடம் சொல்ல வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் எல்லோரையும் எண்ணூருக்குக் கூட்டிப்போனேன். பதினான்கு பேருக்கு நான் ஒருத்தி. அப்போது எண்ணூர் என்றால் சவுக்குத் தோப்பும் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன பங்களாக்களும் கழிமுகமும்தான். புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்ததும் குப்பத்துப் பிள்ளைகள் வறுத்த நெத்திலியை எடுத்தார்கள். கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் கொஞ்ச நேரம் கூச்சப்பட்டுவிட்டு அப்புறம் வெட்கமில்லாமல் கை நீட்டினார்கள். நானும்தான். தண்ணீர் கண்ணாடி மாதிரி அசையாமல் கிடந்தது. ஒரு பங்களாவின் பின்புறம் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டு மரத்தால் கட்டிய படகுத்துறை இருந்தது. எல்லோரையும் அதில் வரிசையாக நிறுத்தினேன்.

"இண்ணைக்கு தேசம்மா நமக்கெல்லாம் ஒரு வித்தை காட்டப் போறா" என்றேன்.

எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் எதுவும் இல்லை. கெஞ்சல் இல்லை, பயம்கூட இல்லை. சொல்லு, செய்கிறேன் என்பதுபோல நின்றாள்.

"பயப்படாதட்டி. நான் விசிலடிச்சதும் குதி."

பாவாடையை முழங்காலுக்கு மேலே சுருட்டி முடிச்சுப் போட்டாள். விசிலடித்தேன். குதித்துவிட்டாள்.

இனி நடந்ததை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. அவள் குதித்ததும் நான் கை தட்டினேன். என்னைப் பார்த்து எல்லோரும் தட்டினார்கள். தலை ஒரு தடவை மேலே வந்தது, போயிற்று. முங்கு நீச்சல் என்று நினைத்தேன். அப்புறம் ஒரு கை மட்டும் மேலே வந்து அசைந்தது. "அங்க பாருங்க, நமக்கு டாட்டா காட்டறா!" என்றாள் செல்வி. நாங்கள் பதினான்கு பேரும் கை அசைத்தோம். நானும் அசைத்தேன். அந்தப் பிள்ளை அங்கே செத்துக்கொண்டிருந்தாள், நான் துறையில் நின்று சிரித்துக்கொண்டு கை ஆட்டினேன்.

நண்டு வலை போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர்தான் தோணியிலிருந்து பாய்ந்தார். அவர் கத்தியது அப்போதுதான் என் காதில் விழுந்தது.

"அட இன்னாம்மா நீ! பொண்ணு முய்கிகினு கீது, நீ கை தட்டிகினு கீறே!"

தலைமயிரைப் பிடித்து இழுத்து வந்து தோணி விளிம்பில் அவளைக் கவிழ்த்துப் போட்டு முதுகை அமுக்கினார். வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் தண்ணீர் கொட்டியது. எவ்வளவு நேரமோ எனக்குத் தெரியாது. என் கால்கள் மரத்தோடு மரமாகிவிட்டன. விசில் மட்டும் என் வாயிலேயே இருந்தது, ஒவ்வொரு மூச்சுக்கும் அது கீச் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. யாரோ ஒரு பிள்ளை வந்து அதை என் வாயிலிருந்து எடுத்தாள்.

தேசம்மா இருமினாள். வாந்தியெடுத்தாள். கண்ணைத் திறந்தாள். "பொயச்சிக்கிச்சி" என்றார் பெரியவர்.

பிறகு என்னைப் பார்த்தார். ஏசினால்கூடத் தாங்கியிருப்பேன், அவர் நிஜமான ஆச்சரியத்தோடு கேட்டார். "கொப்பத்துப் பொம்பளைங்க தண்ணில எறங்க மாட்டாங்கன்னு ஒனக்குத் தெர்யாதா? கட்டுமரத்தயே தொட மாட்டாங்களேம்மா. கடலு ஆம்பளைக்கு, கர பொம்பளைக்கு. கடலுக்குப் பக்கத்துல கீறதால நீச்சல் வந்துடுமா?"

எனக்குத் தெரியாது. மூன்று வருஷமாக அந்தக் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தவள் நான். மாசி மகத்தன்று சாமி கடலுக்கு வரும்போது பெண்கள் கணுக்கால் தண்ணீரில் நின்று தலையில் தெளித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் ஒரு பெண்ணும் இறங்கி நான் பார்த்ததில்லை. கண் முன்னால் இருந்ததைப் பார்க்காமல் பழமொழியை நம்பியிருக்கிறேன்.

தேசம்மாவை மடியில் போட்டுக்கொண்டேன்.

"ஏட்டி, நீச்சல் தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"அத்த சொல்லக் கூடாதேக்கா" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் மறுபடி இருமிவிட்டுச் சொன்னாள், "செவுத்துல எய்தி கீதே."

என்னைத் தேற்றுகிற மாதிரி இன்னொன்றும் சொன்னாள். "நீ சொன்னியேன்னு குதிச்சேன். நீ சொன்னா வந்துடும்னு நென்ச்சேங்கா."

அந்த வார்த்தைதான் இன்றுவரை என்னை விட்டபாடில்லை. பேய் அறைந்த மாதிரி என்பார்களே, அப்படித்தான் திரும்பும் ரயிலில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் செயலாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நல்ல மனிதர், கேட்டதும் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் உடனே சுதாரித்துக்கொண்டார். "கடவுள் காப்பாத்திட்டார், விடும்மா. ஊரைக் கூட்டினா நாளைக்கு ஒருத்தரும் பொண்ணை அனுப்ப மாட்டாங்க" என்றார். அந்த மாத நடவடிக்கைக் குறிப்பில், "பிள்ளைகள் எண்ணூரில் உற்சாகமாக நீராடினர்" என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். அதற்குக் கீழே பொறுப்பாளர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். போட்டேன் என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தமில்லை.

அடுத்த சனிக்கிழமை தேசம்மாவின் அம்மா கிடங்கு வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் வெறுங்கூடை. பின்னால் தேசம்மா. குப்பத்து மீன்காரிகளின் வாயைக் கேட்டவர்களுக்குத் தெரியும், எனக்கு என்ன காத்திருந்தது என்று. எவ்வளவு ஏசினாலும் தலை குனிந்து வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்துகொண்டு எழுந்து நின்றேன்.

அவள் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"மன்ச்சிக்கோ டீச்சரம்மா. அத்தினி பேரு எதிர்க்க ஒன் மானத்த வாங்கிட்டாளாமே இவ. தொடப்பத்தாலயே நாலு வச்சேன். நீ ஆசயா ஒண்ணு சொன்னா, அத்தக் கூடச் செய்யத் துப்பில்ல."

தேசம்மா கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். அதற்குள் நான் பார்த்துவிட்டேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை விளக்குமாற்றுக் குச்சிகளின் கோடுகள். ஒரு வாரமாகியும் ஆறவில்லை. பெண்ணைக் கிட்டத்தட்டக் கொன்றவள் நான், அடி வாங்கியது பெண், மன்னிப்புக் கேட்பது தாய். உலகமே தலைகீழாக நிற்கிறது என்று தோன்றியது.

"அம்மா, அவ மேல ஒரு தப்பும் இல்ல" என்றேன். "நீச்சல் தெரியுமான்னு நான் அவகிட்ட கேக்கவே இல்ல. எனக்கே நீச்சல் தெரியாது."

"ஒனக்கே தெர்யாதா?"

"தெரியாது."

என் சுவரின் கீழே நின்று அந்தச் சொல்லை முதல் தடவையாக நானே சொன்னேன். பிள்ளைகள் யாரும் எண்ண ஆரம்பிக்கவில்லை.

அந்த அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் வருமென்று காத்திருந்தேன். வரவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மகளின் கையை முன்னால் இழுத்து அந்தக் கோடுகளை ஒவ்வொன்றாகத் தடவினாள்.

"அப்போ இன்னாத்துக்கு நான் எம்பொண்ண அடிச்சேன்?"

அதை அவள் என்னிடம் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் எழுந்து கூடையை எடுத்துக்கொண்டு, மகளை முன்னால் விட்டுப் பின்னாலேயே போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன். உப்பு ஊறிய சுவரில் சுண்ணாம்பு நிற்குமா? மழை வந்ததும் உரிந்து, நீல எழுத்துகள் மறுபடி எட்டிப் பார்த்தன. திரும்ப அடித்தேன். திரும்ப உரிந்தது. நான் அங்கே இருந்தவரை வருஷத்துக்கு இரண்டு தடவை அடித்துக்கொண்டேதான் இருந்தேன். செயலாளர் எனக்குச் சுண்ணாம்புப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றார்.

ஒரு மாதம் கழித்து தேசம்மா தானாகவே வந்தாள். வாசலில் நின்று ஒப்பித்தாள். "அம்மா போச் சொல்லிச்சி. ஆனா நீ இன்னா செய்யச் சொல்றதுன்னாலும் மொதல்ல என்னியக் கேக்கணுமாம். ஒனக்கு இஷ்டமா, ஒனக்குத் தெரியுமான்னு கேக்கணுமாம். அப்பிடின்னா இருக்கச் சொல்லிச்சி, இல்லாங்காட்டி வந்துடச் சொல்லிச்சி."

ஆசிரியப் பயிற்சியில் இரண்டு வருஷம் கற்றுத்தராததை ஒரு மீன்காரி மூன்று வரியில் சொல்லி அனுப்பியிருந்தாள்.

அன்றிலிருந்து எங்கள் மன்றத்தில் ஒரு விநோதமான பயிற்சி ஆரம்பமானது. சனிக்கிழமை முதல் பத்து நிமிஷம் நான் வாய்க்கு வந்ததைக் கட்டளையிடுவேன், பிள்ளைகள் "மாட்டேன்" என்று சொல்ல வேண்டும். கேட்க வேடிக்கையாக இருக்கிறது, இல்லையா? முதல் நாள், "செல்வி, அந்த ஜன்னல்ல ஏறி வெளிய குதி" என்றேன். கெட்டிக்காரி செல்வி எழுந்து போய் ஜன்னலில் ஒரு காலைத் தூக்கி வைத்துவிட்டாள்! ஓடிப்போய் இடுப்பைப் பிடித்து இறக்கினேன். தேசம்மா ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, பதினான்கு பேரும் அப்படித்தான் என்பது அன்றுதான் தெரிந்தது. நான் எதைச் சொல்லியிருந்தாலும் செய்திருப்பார்கள். அத்தனை பேரையும் அப்படிப் பழக்கிவைத்திருந்தேன், அதற்குத் தைரியம் என்று பெயரும் வைத்திருந்தேன்.

மெல்ல மெல்ல அவர்களுக்குச் சொல்ல வந்தது. சிரித்துக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு சத்தமாக. தேசம்மாவுக்கு மட்டும் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டுவாள்.

பங்குனியில் ஒரு நாள், விளையாட்டாக இல்லாமல் நிஜமாகவே கேட்டேன். இன்னொரு ஆசிரியையும் இரண்டு படகுக்காரர்களும் கூட வருவார்கள், தண்ணீரில் யாரும் கால் வைக்க வேண்டாம், எண்ணூருக்கு ஒருமுறை போய் அந்த நண்டு வலைப் பெரியவரைப் பார்த்துவிட்டு வரலாம். உனக்கு இஷ்டமா?

கடைசி வரிசையிலிருந்து எழுந்து நின்றாள்.

"மாட்டேங்கா!"

கிடங்கே அதிர்ந்தது. அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "சரிட்டி, வேண்டாம்" என்றேன். அழுகையும் சிரிப்புமாக வந்தது எனக்கு. ஆனால் அவளைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. சொல்லி முடித்த மறுகணமே அவளுடைய இரண்டு கைகளும் தாமாகவே மேலே போய்க் காதுகளைப் பிடித்துக்கொண்டிருந்தன, தோப்புக்கரணத்துக்கு. அவளுக்கே அது தெரியவில்லை. நான் போய் அந்தக் கைகளைக் காதிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. விரல்கள் சுலபத்தில் விடவில்லை.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் வந்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டாள். அப்புறம் ஒரு சனிக்கிழமை வரவில்லை. "காசிமோட்டுல கட்டிக் குட்துட்டோம் டீச்சரம்மா" என்றாள் அவள் அம்மா, சந்தைத் தெருவில் கூடையை இறக்காமலே. அதற்கு தேசம்மா என்ன சொன்னாள் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. எனக்கும் கல்யாணமாகி வேறு ஊர் போய்விட்டேன்.

பல வருஷம் கழித்து ஒரு தடவை திருவொற்றியூரில் இறங்கிப் பார்த்தேன். கிடங்கு இருந்த இடத்தில் லாரிகள் நின்றன. எண்ணூருக்கும் போனேன். சவுக்குத் தோப்பு இல்லை, படகுத்துறை இல்லை. இருந்ததெல்லாம் குழாய்கள்தான். கழிமுகம் அனல்மின் நிலையத்துச் சாம்பல் கரைந்து சேறாகக் கிடந்தது. அந்தத் தண்ணீரில் முழங்கால் நனைக்கக்கூட ஆழமில்லை.

பேனாவோடு நான் திரும்பி வந்தபோது மாடி வீட்டுப் பெண் முறுக்கைக் கடித்துக்கொண்டு எட்டுக் கேள்விகளையும் நிரப்பி முடித்திருந்தாள்.

"அடுத்தது என்ன பாட்டி?"

"உனக்கு நீச்சல் தெரியுமாம்மா?"

"தெரியாது. அது என்னால முடியாது பாட்டி. எவ்ளோ கூப்பிட்டாலும் தண்ணியில இறங்க மாட்டேன், இல்லைன்னு போட்டுக்கறேன்."

மூன்று சொற்களையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு முறுக்கின் அடுத்த துண்டைக் கடித்தாள். "இல்லை"யைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டுப் பத்தாவது கேள்விக்காக என் முகத்தைப் பார்த்தாள். கேட்டு, பதில் வாங்கி, எழுதி முடிக்க எங்களுக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.